டுவார்ஃப் மந்திரம் படிக்கலாமா?

விளையாட்டு மேசை – வாசகர் கேள்வி பதில்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதை ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரியான விளையாட்டுகளில் இன்ன இனத்தில் பிறந்த கேரக்டர் இன்ன கிளாஸைத்தான் எடுக்கலாம் என்று விதி வைப்பது சரியா? இதைச் சுற்றி வந்த கேள்விகளை மட்டும் இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். புதிதாக வருகிறவர்களுக்கு: இனம் என்பது கேரக்டரின் பிறப்பு. மனிதர், எல்ஃப் (நீண்ட ஆயுள் கொண்ட மாய இனம்), டுவார்ஃப் (குள்ளமான, உறுதியான இனம்), ஹாஃப்லிங் (சிற்றுருவ இனம்) என்று போகும். கிளாஸ் என்பது அது கற்றுக்கொண்ட தொழில். போர்வீரர், மந்திரவாதி, பூசாரி, திருடர் என்று போகும். ஆட்டத்தை நடத்துபவர் டிஎம். சேர்ந்து கிளம்பும் கேரக்டர்களின் குழு பார்ட்டி, அவர்கள் தொடர்ந்து ஆடும் கதை கேம்பெயின். அனுபவத்துக்குக் கிடைக்கும் புள்ளி எக்ஸ்பி, அது சேரச் சேரக் கேரக்டர் ஏறும் படி லெவல். ஸ்ட்ரெங்த் (வலிமை), டெக்ஸ்டெரிட்டி (லாகவம்), கான்ஸ்டிடியூஷன் (உடலுறுதி), இன்டெலிஜென்ஸ் (அறிவு), விஸ்டம் (விவேகம்), கரிஸ்மா (ஈர்ப்பு) என்பவை எண்ணால் அளக்கும் பண்புகள். ஹிட் பாயின்ட் என்பது அடி தாங்கும் உயிர்ப் புள்ளி.

கேள்வி: நாங்கள் ஐந்தாம் பதிப்பு ஆடுகிறோம். பழைய பதிப்புகளில் டுவார்ஃப் மந்திரவாதியாகவே முடியாது என்கிறார் எங்கள் டிஎம். நிஜமாகவா? ஏன் அப்படி வைத்தார்கள்?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: நிஜம்தான். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் எழுதி வந்த முதல் பதிப்பில் மொத்தமே மூன்று கிளாஸ்கள்: போர்வீரர், மந்திரவாதி, பூசாரி. டுவார்ஃப் போர்வீரராக மட்டும் இருக்கலாம், அதுவும் 6-ஆம் லெவலோடு சரி. ஹாஃப்லிங்குக்கும் போர்வீரர் வேலைதான், 4-ஆம் லெவல் வரை. (அப்போது ஹாபிட் என்றே அச்சிட்டிருந்தார்கள், உரிமைச் சிக்கல் எழுந்த பிறகு பெயர் மாறியது.) எல்ஃபுக்குக் கொஞ்சம் சலுகை: போர்வீரராக 4 வரை, மந்திரவாதியாக 8 வரை ஏறலாம், ஒவ்வொரு சாகசத்துக்கும் கிளம்பும்போது இன்றைக்கு எது என்று தேர்ந்துகொள்ளலாம். மனிதருக்கு எந்த வரம்பும் இல்லை.

1978-ல் வந்த அட்வான்ஸ்டு விதிநூலில் கிளாஸ்கள் பெருகின, வேலிகளும் பெருகின. பாலடினும் (புனித வீரர்) மாங்க்கும் (துறவி) மனிதருக்கு மட்டும். ரேஞ்சரும் (காட்டு வீரர்) டிரூயிடும் (இயற்கைப் பூசாரி) மனிதருக்கும் அரை எல்ஃபுக்கும். டுவார்ஃப் போர்வீரருக்கு ஸ்ட்ரெங்த் 18 இருந்தால்கூட 9-ஆம் லெவல்தான் உச்சி. திருட்டுத் தொழிலில் மட்டும் பெரும்பாலான இனங்களுக்கு வரம்பில்லை.

காரணம் இரண்டு. முதலாவது உலகம் பற்றியது. எல்ஃப் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வாழ்கிறது, இருட்டில் பார்க்கிறது, இரண்டு தொழில் படிக்கிறது. அப்படியானால் அரசுகள் எல்லாம் ஏன் மனிதர் கையில் இருக்கின்றன? கைகாக்ஸ் தன் உலகம் மனிதரை மையமாகக் கொண்டது என்று 1979-ல் வந்த டிஎம் கையேட்டில் வெளிப்படையாகவே எழுதினார். லெவல் வரம்பு அந்த உலகத்துக்கு முட்டுக் கொடுத்த தூண். இரண்டாவது கணக்கு பற்றியது. மற்ற இனங்களுக்குப் பிறப்பிலேயே ஐந்தாறு வரம் கிடைத்தது, மனிதருக்கு ஒன்றுமில்லை. மேலே மேலே ஏறலாம் என்பதுதான் மனிதருக்குக் கிடைத்த கூலி.

டுவார்ஃபுக்கு இன்னொரு காரணமும் உண்டு, பலரும் கவனிப்பதில்லை. 1989-ன் இரண்டாம் பதிப்பில் கான்ஸ்டிடியூஷன் 14 உள்ள டுவார்ஃபுக்கு மந்திரத்தைத் தாங்கும் சேவிங் த்ரோ என்ற உருட்டலில் 4 கூடும். அதே உடம்பு, தன் கிளாஸுக்கு உரியதல்லாத மந்திரப் பொருளைத் தொட்டால் 20 சதவீதம் அது வேலை செய்யாமலும் போகும். மந்திரம் அந்த உடம்பில் ஒட்டாது என்பதுதான் கருத்து. தடையும் வரமும் ஒட்டிப் பிறந்தவை. பழைய விதியில் டுவார்ஃபுக்கு மந்திரவாதி கிளாஸைத் திறந்துவிட நினைக்கும் டிஎம்கள் வழக்கமாகச் சறுக்குவது இங்கேதான்: தடையை எடுத்துவிட்டு அந்த 4-ஐ அப்படியே விட்டுவிடுகிறார்கள். திறந்தால் 4-ஐயும் எடுங்கள். இல்லையென்றால் அவர் சொல்லும் மந்திரத்துக்கும் அதே 20 சதவீதத் தோல்வியை வையுங்கள்.

கேள்வி: இரண்டாம் பதிப்பு கேம்பெயினில் என் ஹாஃப்லிங் போர்வீரர் 9-ஆம் லெவலைத் தொட்டு நின்றுவிட்டார். மற்றவர்கள் ஏறிக்கொண்டே போகிறார்கள். வரும் எக்ஸ்பியை என்ன செய்வது?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: முதலில் தீர்வு. இரண்டாம் பதிப்பின் டிஎம் கையேட்டிலேயே விருப்ப விதிகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, கிளாஸுக்குரிய முதன்மைப் பண்பு உயர்ந்திருந்தால் வரம்பைத் தாண்டலாம்: 14, 15-க்கு 1 லெவல், 16, 17-க்கு 2, 18-க்கு 3. உங்கள் ஹாஃப்லிங்குக்கு ஸ்ட்ரெங்த் 16 என்றால் 11 வரை போகலாம். இன்னொன்று, வரம்பைத் தாண்டிய பின் ஒவ்வொரு லெவலுக்கும் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ எக்ஸ்பி கேட்பது. போர்வீரருக்கு 9-ஆம் லெவல் 2,50,000-ல், 10-ஆம் லெவல் 5,00,000-ல். இரட்டிப்பு விதிப்படி இடைப்பட்ட 2,50,000 உங்களுக்கு 5,00,000 ஆகும். அதாவது 7,50,000-ல் 10-ஐத் தொடுவீர்கள். இரட்டிப்போடு நிறுத்தும்படி டிஎம்மிடம் கேளுங்கள். நான்கு மடங்கு என்றால் அது வேறு பெயரில் அதே பூட்டு. நின்ற நாளிலிருந்து வந்த எக்ஸ்பியையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

இனி எங்கள் கருத்து. இனத் தடைகளிலேயே உருப்படாதது இந்த லெவல் வரம்புதான். தடை வேண்டுமென்றால் வாசலிலேயே வைக்க வேண்டும். உள்ளே விட்டு, இலை போட்டு, பாதிச் சாப்பாட்டில் எழுப்பக் கூடாது. 1-ஆம் லெவலிலிருந்து 9 வரை ஹாஃப்லிங்கின் வரங்கள் அத்தனையும் இலவசம். மனிதருக்கு அதுவரை எந்த ஈடும் இல்லை. 9-க்குப் பிறகு நிலைமை தலைகீழ். எந்த நேரத்திலும் மேசையில் ஒருவருக்கு அநியாயம் நடந்துகொண்டே இருக்கிறது, ஆள் மட்டும் மாறுகிறார். பாதி கேம்பெயின்கள் அந்த லெவலுக்குப் போவதற்குள் நின்றுவிடும் என்பதால், அங்கெல்லாம் வரம்பு இருந்தும் இல்லாததுதான்.

கேள்வி: வரம்புகளை எல்லாம் தூக்கிவிட்டால் எல்ஃப் மனிதரை விழுங்கிவிடும் என்கிறார்களே, எண்ணாகக் காட்ட முடியுமா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: காட்டலாம். வரம்புக்கு உட்பட்ட லெவல்களிலேயே எல்ஃப் ஏற்கெனவே விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

இரண்டாம் பதிப்பில் எல்ஃப் ஒரே நேரத்தில் போர்வீரராகவும் மந்திரவாதியாகவும் இருக்கலாம். வரும் எக்ஸ்பி இரண்டு பாதியாகப் பிரியும். பாதி பாதி என்றதும் பலமும் பாதியாகும் என்று தோன்றும். ஆனால் அட்டவணையைப் பாருங்கள். போர்வீரருக்கு லெவல்கள் 2,000, 4,000, 8,000, 16,000, 32,000, 64,000 என்று ஒவ்வொரு படியிலும் இரட்டிக்கின்றன. இரட்டிக்கும் ஏணியில் பாதி எக்ஸ்பி என்றால் ஒரே ஒரு படி பின்னால் இருக்கிறோம், அவ்வளவுதான். 80,000 எக்ஸ்பியில் மனிதப் போர்வீரர் 7-ஆம் லெவல். அதே 80,000-ஐ 40,000, 40,000 என்று பிரித்த எல்ஃப் போர்வீரர் 6, மந்திரவாதி 6. ஒரு லெவலை விட்டுக்கொடுத்து, ஃபயர்பால் எறியும் கையை வாங்கியிருக்கிறது. மனித மந்திரவாதியும் அந்த 80,000-ல் 7-தான்.

இந்த எல்ஃப் எப்போது தன் வரம்பைத் தொடும்? போர்வீரராக 12 தான் உச்சி. அதற்கு அந்தப் பாதியில் மட்டும் 10 லட்சம் வேண்டும், மொத்தத்தில் 20 லட்சம். வாரம் ஒருமுறை கூடும் மேசைக்கு அது எட்டாத கனி. ஆக வரம்பு கணக்கைச் சரிசெய்யவே இல்லை. உண்மையான பிரேக் வேறிடத்தில் இருக்கிறது: கவசம் போட்டால் மந்திரம் சொல்ல முடியாது, எல்வன் செயின் என்ற அபூர்வச் சங்கிலிக் கவசத்தைத் தவிர. அந்தக் கவசத்தைத் தாராளமாகக் கொடுக்கும் டிஎம் தானே பிரேக் வயரை வெட்டிவிடுகிறார். 10-ஆம் லெவலுக்கு முன் அதைப் புதையலில் வைக்காதீர்கள்.

வரம்பை எடுக்கிறீர்களா? அன்றைக்கே மனிதருக்குக் கூலி கொடுங்கள். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு இதைத்தான் செய்தது. இனத்தால் கிளாஸ் தடை என்பதையே அடிப்படை நூலிலிருந்து எடுத்துவிட்டு, மனிதருக்கு 1-ஆம் லெவலில் ஒரு ஃபீட்டும் (தனித் திறமை), 4 திறன் புள்ளிகளும், பிறகு லெவலுக்கு ஒரு புள்ளியும் கூடுதலாகத் தந்தது. பழைய விதியே பிடிக்கும் என்பவர்கள் ஓல்டு-ஸ்கூல் எசென்ஷியல்ஸ் என்ற விளையாட்டின் அட்வான்ஸ்டு விதிகளில் உள்ள மூன்று சின்னச் சலுகைகளை எடுத்துக்கொள்ளலாம். ஹிட் பாயின்டுக்கு இரண்டு முறை உருட்டி நல்லதை வைத்துக்கொள்வது. இனிஷியேட்டிவ் (சண்டையில் யார் முதல் என்ற உருட்டல்) சமமானால் மனிதர் முந்துவது. கூட்டி வரும் ஆட்களின் விசுவாசமும் மன உறுதியும் ஒன்று கூடுவது. கேட்க அற்பமாக இருக்கும். 1-ஆம் லெவலில் 2 ஹிட் பாயின்டுடன் பாதாளத்தில் இறங்கியவருக்கு அந்த இரண்டாவது உருட்டலின் அருமை தெரியும்.

கேள்வி: பாலடினாக மனிதருக்கு மட்டும்தான் உரிமை என்பது மற்ற இனங்களுக்குப் பெரிய இழப்பு இல்லையா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: பெரிய இழப்பெல்லாம் இல்லை. பாலடினுக்குக் கரிஸ்மா 17 வேண்டும். மூன்று பகடையை ஒருமுறை உருட்டி 17 அல்லது 18 வருவது 216-ல் 4 தடவை, அதாவது 54-ல் ஒன்று. அதோடு ஸ்ட்ரெங்த் 12, விஸ்டம் 13, கான்ஸ்டிடியூஷன் 9 வேறு. மனிதர்களில் 54-ல் 53 பேரைப் பகடையே வெளியே நிறுத்திவிட்டது.

கேள்வி: எல்ஃப் என்பதே ஒரு கிளாஸ் என்று ஒரு விதிநூலில் பார்த்தேன். இனமும் தொழிலும் ஒன்றா? அபத்தமாக இருக்கிறதே.
– ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: நீங்கள் பார்த்தது 1981-ல் வந்த பேசிக் விதிநூலின் வழி. ஓல்டு-ஸ்கூல் எசென்ஷியல்ஸ், டஞ்சன் கிரால் கிளாசிக்ஸ் முதலியவை இன்றும் அதைத் தொடர்கின்றன. அங்கே கிளாஸ்கள் ஏழு: மனிதருக்குப் போர்வீரர், மந்திரவாதி, பூசாரி, திருடர், அப்புறம் டுவார்ஃப், எல்ஃப், ஹாஃப்லிங். எல்ஃப் வாளும் ஏந்தும், கவசம் போட்டபடியே மந்திரமும் சொல்லும். அதற்கு விலையாக 2-ஆம் லெவலுக்கு 4,000 எக்ஸ்பி. போர்வீரருக்கு 2,000, திருடருக்கு 1,200 போதும்.

அபத்தம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். சாகசத்துக்குக் கிளம்பும் பார்ட்டியில் சேரும் எல்ஃப் இப்படிப்பட்டவர் என்றுதான் அந்த விதி சொல்கிறது. எல்ஃப் ஊரில் தச்சர் இல்லை, பூசாரி இல்லை என்று சொல்லவில்லை. ஐந்து நிமிடத்தில் கேரக்டர் தயாராகிவிடும், முதன்முதலாக ஆட வருகிறவர்களுக்கு இதைவிட எளிய வழி கிடையாது. குறை என்னவென்றால், ஒரே பார்ட்டியில் இரண்டு டுவார்ஃப் வந்தால் இருவரும் அச்சில் வார்த்த மாதிரி இருப்பார்கள். அப்போது இரண்டாமவருக்கு டிஎம் ஒரு தனித் திறமை கொடுக்க வேண்டும்: பொறி கண்டுபிடிப்பதில் முதலாமவருக்கு 6-ல் 2 என்றால் இவருக்கு 6-ல் 3, அதற்குப் பதில் ஏதாவது ஓர் ஆயுதத்தை விட்டுவிடட்டும். எல்ஃபின் 10, டுவார்ஃபின் 12, ஹாஃப்லிங்கின் 8 என்ற லெவல் உச்சிகள் பற்றி மதுரைக்காரருக்குச் சொன்னதையே திரும்பச் சொல்வோம்.

கேள்வி: பிறப்பை வைத்துத் தொழிலை முடிவு செய்கிற விதியை விளையாட்டில் வைத்தால் மட்டும் அது குலத்தொழில் இல்லையா? நம் ஊர் ஆள் இதை எப்படிச் சிரித்துக்கொண்டே ஆட முடியும்?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: நியாயமான கேள்வி. அமெரிக்காவில் இந்த விதியை எழுதியவர்களுக்குக் கேட்காத ஒரு சத்தம் தமிழில் ஆடுகிறவர்களுக்குக் கேட்கும். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தைக் குலக்கல்வி என்று பெயர் வைத்து எதிர்த்து, அடுத்த ஆண்டே கைவிடச் செய்த ஊர் இது.

ஆனால் எல்லாத் தடையும் ஒன்றல்ல. சிறகில்லாத இனம் பறக்க முடியாது என்பது உடம்பைப் பற்றியது; அதில் யாருக்கும் மனத்தாங்கல் வராது. ‘இந்த இனத்துக்குப் புத்தி மட்டு’ என்பது வேறு. மூன்றாம் பதிப்பில் அரை ஓர்க்குக்கு (ஓர்க் என்ற முரட்டு இனமும் மனிதரும் கலந்தது) இன்டெலிஜென்ஸில் 2, கரிஸ்மாவில் 2 குறைத்தார்கள். தடை என்ற சொல்லே இல்லை, ஆனாலும் மந்திரவாதியாகும் வழியைச் சத்தமில்லாமல் அடைத்தாயிற்று. எங்களைக் கேட்டால் 1978-ன் வெளிப்படையான தடையைவிட இதுதான் நாறுகிறது. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் அடிப்படை நூலில் அந்தக் கழித்தல் கிடையாது. 2024 பதிப்பில் ஆங்கிலச் சொல்லையே மாற்றி, மனித இனப் பிரிவைக் குறிக்கும் சொல்லுக்குப் பதில் உயிரினத்தைக் குறிக்கும் சொல்லை வைத்தார்கள். பண்பு உயர்வையும் பிறப்பிலிருந்து எடுத்து, வளர்ந்த பின்னணிக்குக் கொடுத்தார்கள். தமிழ் மேசைக்கு முதல் மாற்றம் உறைக்கவே உறைக்காது. பறவையினம், மீனினம், மனித இனம் எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே ‘இனம்’தான்.

மேசையில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அநியாயம் கதைக்கு வேண்டுமென்றால் அதை உலகத்துக்குள் வையுங்கள், விதிநூலில் வைக்காதீர்கள். ‘டுவார்ஃபுகளை மந்திரக் கல்லூரியில் சேர்ப்பதில்லை’ என்று அந்த நாட்டு அரசன் ஆணை போட்டிருந்தால், ஒரு டுவார்ஃப் திருட்டுத்தனமாகப் படிக்கலாம், மாட்டிக்கொள்ளலாம், அரசனையே மாற்றலாம். ‘டுவார்ஃப்: மந்திரவாதி, இல்லை’ என்று அட்டவணை சொன்னால் அதை யாராலும் எதிர்க்க முடியாது.

கேள்வி: 2014 விதிகளில் அரை ஓர்க் மந்திரவாதி செய்தேன். ‘வீண் கேரக்டர்’ என்கிறார்கள் நண்பர்கள். எவ்வளவு வீண்?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: 20 பக்கப் பகடையில் ஒன்று. அதாவது 5 சதவீதம்.

பகடைக்குப் பதில் 27 புள்ளி கொடுத்துப் பண்புகளை வாங்கும்போது இன்டெலிஜென்ஸை 15-க்கு மேல் வாங்க முடியாது. நோம் என்ற இன்னொரு இனத்துக்குப் பிறப்பில் 2 சேர்ந்து 17, மாடிஃபயர் (உருட்டலில் கூட்டும் எண்) 3. உங்களுக்கு 15, மாடிஃபயர் 2. 1-ஆம் லெவலில் அவர் 4 மந்திரம் தயார் செய்வார், நீங்கள் 3. அவர் மந்திரத்தை எதிரி 13 உருட்டித் தாங்க வேண்டும், உங்களுடையதை 12. 4-ஆம் லெவலில் இருவரும் 2 கூட்டினால் அவர் 19, நீங்கள் 17. 8-ல் அவர் 20, நீங்கள் 19. 12-ல்தான் நீங்களும் 20.

இங்கே ஒரு சந்து இருக்கிறது. 4-ஆம் லெவலில் 2 கூட்டாதீர்கள். இன்டெலிஜென்ஸில் 1 தரும் அப்சர்வன்ட் ஃபீட்டை எடுங்கள். 16 ஆகும், மாடிஃபயர் 3. இரண்டு கூட்டி 17 ஆக்கியிருந்தாலும் அதே 3-தான். 8-ல் 18, 12-ல் 20. எந்தப் படியிலும் நஷ்டமில்லை, ஃபீட் இனாம். நோமுக்கு இந்த வசதி 17-லேயே உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். 4-ல் அதே ஃபீட்டை எடுத்தால் அவர் 18-க்குப் போவார். ஆனால் அரை ஓர்க்குக்கு இருப்பது அவருக்கு இல்லை: நாளுக்கு ஒருமுறை, 0-க்கு விழ வேண்டிய இடத்தில் 1 ஹிட் பாயின்டோடு நிற்கலாம். 8 ஹிட் பாயின்டுள்ள மந்திரவாதிக்கு அது சின்ன விஷயமா? அடிக்கடி விழும் கிளாஸுக்குத்தான் விழாத வரம் அதிகம் பயன்படும்.

எல்லாவற்றையும் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். 2020-ல் வந்த விருப்ப விதி, பிறப்பில் வரும் பண்பு உயர்வை எந்தப் பண்புக்கும் மாற்றலாம் என்றது. 2014-ன் மவுன்டன் டுவார்ஃபுக்கு மட்டும் இரண்டு பண்பில் 2, 2. அதோடு மிதமான கவசம் அணியும் பயிற்சியும் பிறப்பிலேயே உண்டு. ஐந்தாம் பதிப்பில் பயிற்சியுள்ள கவசத்தோடு மந்திரம் சொல்லத் தடையில்லை. ஆகவே இன்டெலிஜென்ஸ் 17-ஓடு, 50 பொன்னுக்கு ஸ்கேல் மெயில் வாங்கி, டெக்ஸ்டெரிட்டியின் 2-ஐயும் சேர்த்து ஆர்மர் கிளாஸ் (அடி படாமல் காக்கும் எண்) 16-ல் நிற்கிறார் டுவார்ஃப். மற்ற மந்திரவாதி, தன்னிடம் இருக்கும் இரண்டே ஸ்லாட்டில் (மந்திரம் சொல்லும் வாய்ப்பு) ஒன்றைக் கரைத்து மேஜ் ஆர்மர் என்ற காப்பு மந்திரம் போட்டாலும் 15-தான். 1978-ல் மந்திரமே தொடக் கூடாது என்று நிறுத்தப்பட்டவர் 2020-ல் வரிசையின் முன்னால் வந்து நின்றார். 2024 நூலில் டுவார்ஃபிடமிருந்து அந்தக் கவசப் பயிற்சி எடுக்கப்பட்டுவிட்டது. 2014 நூலோடு 2020 விதியைச் சேர்த்து ஆடும் டிஎம்கள், பண்பை மாற்றிக்கொள்ளும் மவுன்டன் டுவார்ஃபுக்கு 2, 1 என்று குறைத்துக் கொடுத்தால் போதும்.

கேள்வி: வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில் இருந்த தடைகள் ஏன் ஒவ்வொன்றாகப் போயின?
– ஒரு வாசகர், சிங்கப்பூர்

பதில்: கம்ப்யூட்டர் விளையாட்டில் டிஎம் கிடையாது; விதியை வளைக்க ஆளில்லை. இதில் அலையன்ஸ், ஹோர்டு என்று இரண்டு எதிரணிகள். 2004-ல் வந்தபோது பாலடின் அலையன்ஸ் பக்கம் மட்டும், ஷாமன் (ஆவிகளை அழைப்பவர்) ஹோர்டு பக்கம் மட்டும். இரண்டு பக்கமும் அதே பெரிய எதிரிகளைத்தான் கொல்ல வேண்டும், ஆனால் கையில் வெவ்வேறு கருவிகள். எந்த எதிரியை வடிவமைத்தாலும் ஒரு பக்கத்துக்குச் சுலபமாகிவிடும். 2007 விரிவாக்கத்தில் ஹோர்டுக்குப் பிளட் எல்ஃப் பாலடினும் அலையன்ஸுக்கு டிரனாய் ஷாமனும் வந்து அந்தச் சிக்கல் தீர்ந்தது.

அதைவிட வேடிக்கை, பயத்தைத் தடுக்கும் ஃபியர் வார்டு மந்திரம் தொடக்கத்தில் பிரீஸ்டுகளிலேயே (பூசாரிகள்) டுவார்ஃபுக்கு மட்டும் இருந்தது. பயமுறுத்தும் எதிரி என்றால் ரெய்டுக்கு (பலர் சேர்ந்து போகும் பெரிய சண்டை) டுவார்ஃப் பிரீஸ்ட்தான் வேண்டும் என்றானது. தடை இல்லாமலே மற்ற பிரீஸ்டுகளுக்கு வாசல் குறுகியது. பின்னர் அது எல்லாப் பிரீஸ்டுக்கும் பொதுவானது. மேஜ் (மந்திரவாதி), பிரீஸ்ட், ரோக் (திருடர்) மூன்றும் 2022-ல் அநேகமாக எல்லா இனத்துக்கும் திறந்தன, 2023-ல் வார்லாக் (சூனியக்காரர்).

கேள்வி: சொந்தமாக ஓர் உலகம் எழுதுகிறேன். எல்லா இனமும் எல்லாம் ஆகலாம் என்றால் இனத்துக்கே அர்த்தமில்லாமல் போகிறது. தடைகள் வேண்டும். எப்படி வைப்பது?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: வையுங்கள். நீங்கள் சொல்வதும் சரிதான்: 2014 அடிப்படை நூலின் 9 இனத்தையும் 12 கிளாஸையும் பெருக்கினால் 108 சேர்க்கை. 108-ம் ஒரே மாதிரி சகஜம் என்றால் எதுவும் மனத்தில் நிற்காது.

பகடையைத் தொடும் முன் தடைகள் எல்லாம் ஒரே பக்கத்தில் எழுதப்பட்டு ஆட வருகிறவர் கையில் இருக்க வேண்டும். கேரக்டரை யோசித்துக்கொண்டு வந்தவரிடம் மேசையில் வைத்து ‘அது முடியாது’ என்றால் அந்த மாலை போயிற்று. ஒவ்வொரு தடைக்கும் பக்கத்தில் ஒரு வரியில் காரணம் எழுதுங்கள்: உடம்பா, கற்றுத்தர ஆளில்லையா, தெய்வக் கட்டளையா, அரசாணையா? காரணம் எழுத வராத தடையை அடித்துவிடுங்கள். உடம்பு தவிர மற்ற மூன்றுக்கும் ஒரு சாவியும் எழுத வேண்டும். ‘எல்ஃபுகள் வாள்நடனத்தை வெளியாருக்குக் கற்றுத்தருவதில்லை, அவர்களில் ஒருவர் உயிரைக் காத்தவருக்கு மட்டும் விலக்கு.’ இப்படி எழுதினால் தடையே ஒரு சாகசத்துக்கு விதையாகிவிடும். ஐந்தாம் பதிப்பில் பிளேட்சிங்கர் என்ற உட்பிரிவு 2015-ல் எல்ஃபுக்கும் அரை எல்ஃபுக்கும் மட்டும் என்று வந்தபோதே, டிஎம் விரும்பினால் தளர்த்தலாம் என்ற குறிப்பும் கூடவே இருந்தது. 2020-ல் அந்தத் தடையே நீங்கியது.

எத்தனை தடை? இனத்துக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். அதோடு ஒவ்வொரு இனத்துக்கும் அதற்கு மட்டுமே உரிய ஒன்றையும் கொடுங்கள். முழு கிளாஸாக இல்லாமல் உட்பிரிவாக இருக்கட்டும். முழு கிளாஸை ஓர் இனத்துக்குப் பூட்டினால், அந்த வேலைக்கு ஆள் தேவைப்படும் பார்ட்டியில் ஒருவர் பிடிக்காத இனத்தை வேண்டாவெறுப்பாக எடுக்க வேண்டிவரும். குணமாக்கும் கிளாஸை மட்டும் எக்காரணம் கொண்டும் பூட்டாதீர்கள். பூசாரிகள் மனிதர் மட்டும் என்று வைத்த உலகத்தில், மனிதரை எடுத்தவர் முதல் சண்டையில் செத்தால் மீதி நால்வரும் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

முடித்ததும் ஒரு சோதனை. உங்கள் பட்டியலை நான்கு பேரிடம் கொடுத்து, ஒருவரையொருவர் கேட்காமல் ஆளுக்கு ஒரு கேரக்டர் எழுதச் சொல்லுங்கள். நால்வரும் ஒரே இனத்தை எடுத்தால் உங்கள் தடைகள் மற்ற இனங்களைக் கொன்றுவிட்டன.

கேள்வி: எங்கள் பார்ட்டியில் மனிதரே இல்லை. எல்லாருக்கும் டார்க்விஷன், அதாவது இருட்டில் பார்க்கும் வரம். கிளாஸ் தடை போடாமல் மனிதரை எப்படி ஈர்ப்பது?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: டார்க்விஷனை உள்ளபடி ஆடினாலே பாதி வேலை முடிந்தது. ஐந்தாம் பதிப்பில் அது இருட்டைப் பகலாக்குவதில்லை. முழு இருட்டை மங்கல் வெளிச்சமாக மட்டும் காட்டுகிறது. மங்கலில் கண்ணால் கவனிக்கும் பெர்செப்ஷன் உருட்டலுக்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டி மோசமானதை எடுப்பது). உருட்டாமலே கவனிக்கும் பாஸிவ் பெர்செப்ஷனில் 5 குறையும். 13 உள்ளவர் விளக்கில்லாமல் நடந்தால் 8 தான். 10-க்கு வைத்த பொறிக்கயிறுகூடக் கண்ணில் படாது. நிறமும் தெரியாது, எல்லாம் சாம்பல். சிவப்புக் கதவைத் திற, பச்சைக் கதவைத் தொடாதே என்று எழுதியிருக்கும் பாதாளத்தில் ஒரு தீப்பந்தத்துக்கு என்ன மதிப்பு என்று அடுத்த வாரம் பார்த்துவிட்டு எழுதுங்கள்.